நுவரெலியாப் பனியில் கருகிய சைக்கஸ்: கொழும்பில் இருந்தபடியே காப்பாற்ற ஒரு வழிகாட்டி

கொழும்பில் வளரும் சைக்கஸுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. பத்தரமுல்லைப் பக்கம் வாங்கிய செடியை நுவரெலியா வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் வைக்கும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. ஜனவரியில் ஒரு விடியற்காலை துகள் பனி கொட்டும். சில நாட்களில் பச்சை ஓலையெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தொலைபேசி எடுத்து, "மரம் செத்துப் போச்சுங்க ஐயா, புடுங்கிப் போட்டுரட்டுங்களா?" என்று கேட்பார்.

"வேண்டாம்" என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் வீட்டுச் செடி கருகியபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் யூரியா போடச் சொன்னார், மூன்றாமவர் அடியோடு வெட்டினால் துளிர்க்கும் என்றார். மூன்றையும் கேட்டிருந்தால் செடி மூன்று முறை செத்திருக்கும். கொழும்பில் இருந்துகொண்டு, 160 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள செடியைத் தொலைபேசியில் காப்பாற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தச் செடி என்பதில் குழப்பம் வேண்டாம். கட்டையான தண்டு, அதன் உச்சியில் வட்டமாக விரியும் விறைத்த ஓலை, ஓலை நுனியில் கையைக் குத்தும் கூர். கடைகளில் "சாகோ பாம்" என்று விற்பது இதைத்தான். பனை இனமும் இல்லை, கடையில் வாங்கும் சவ்வரிசி இதிலிருந்து வருவதும் இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு வித்துமூடியிலிப் பாடத்தில் வந்த சைக்கசு நினைவிருக்கும், அந்தக் குடும்பம்தான். சொந்த ஊர் தெற்கு ஜப்பான். அதனால்தான் நம்பிக்கை வைக்கலாம்: நன்றாக வேரூன்றிய முதிர்ந்த சைக்கஸின் ஓலை பூச்சியத்துக்குக் கீழே 6 பாகை செல்சியஸ் வரை பெரிதாகச் சேதமில்லாமல் தாங்கும். தண்டு அதைவிடவும் தாங்கும். நுவரெலியாவில் அந்த அளவுக் குளிர் கிடையாது.

அப்படியென்றால் ஏன் கருகுகிறது? கொழும்பு நிழலில் வளர்ந்த ஓலைக்குக் குளிர் பழக்கமில்லை. சாடியில் இருக்கும் வேரைச் சுற்றிப் போதிய மண் இல்லை. பெரும்பாலும் அப்போதுதான் விரிந்த இளம் ஓலைதான் பனியில் மாட்டுகிறது. இவை மூன்றும் ஓலையைத்தான் கெடுக்கும். செடியையே கொல்வது குளிரில் ஈரம் தேங்கிய வேர். இது மனதில் இருந்தால் கீழே வருவதெல்லாம் எளிது.

1. ஓலையைப் பார்க்காதீர்கள், தண்டை அமத்திப் பாருங்கள்

தொலைபேசியில் படம் அனுப்பச் சொன்னால் எல்லோரும் ஓலையைத்தான் எடுத்து அனுப்புவார்கள். அது பயன்படாது. இதைச் சொல்லுங்கள்: "அண்ணே, கையுறை போட்டுக்கிட்டு தண்டைச் சுத்தி நாலு பக்கமும் பெருவிரலால அமத்திப் பாருங்க. உச்சியில பழுப்பா பஞ்சு மாதிரி இருக்கும், அதையும் அமத்துங்க. எங்கயாவது உள்ள போகுதா?"

எல்லா இடமும் கல்லாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது, ஓலை முழுவதும் போயிருந்தாலும் சரி. ஓரிடம் பொதபொதவென்று இருந்து புளித்த வாடையும் வந்தால் அழுகல். அப்படியானால் 5ஆம் படிக்கு உடனே போங்கள், மற்றவர்கள் வரிசையாக வாருங்கள்.

நிறத்தையும் கேளுங்கள். பனி பட்ட ஓலை காய்ந்த வைக்கோல் நிறம், பெரும்பாலும் மேல்பக்கமும் வெளிப்பக்கமும். அடி ஓலைகள் மட்டும் மெதுவாக மஞ்சளானால் அது சத்துக் குறைவாகவோ நீர் தேங்கியதாகவோ இருக்கலாம். ஓலையின் அடிப்பக்கம் வெள்ளைச் செதில் அப்பியிருந்தால் அது செதில் பூச்சி, பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பனி என்று நினைத்துப் பூச்சியை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

2. கத்தியைத் தூர வையுங்கள்

பாதி கருகிய ஓலையைப் பார்த்தால் வெட்டத்தான் கை துருதுருக்கும். வெட்ட வேண்டாம். இரண்டு காரணம். பச்சை மிஞ்சியிருக்கும் ஓலை ஒவ்வொன்றும் இன்னும் உணவு தயாரிக்கிறது, புது ஓலைக்கான சக்தி அங்கிருந்துதான் வரவேண்டும். முழுதாகக் காய்ந்த ஓலைகூட உச்சிக் குருத்தின் மேல் கவிந்து அடுத்த பனியை மறைக்கிறது. நுவரெலியாவில் பனி ஒரு நாளோடு நிற்காது. டிசெம்பர் கடைசி முதல் பெப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவு எதுவானாலும் பனி விழலாம். மார்ச் பிறக்கும் வரை பொறுங்கள்.

விருந்தினர் தங்கும் வீடாக இருந்து முற்றம் அசிங்கமாகத் தெரிகிறதென்றால், ஓலைகளை மேலே கூட்டிச் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். பார்வைக்கும் பரவாயில்லை, குருத்துக்கும் காவல்.

3. தண்ணீரை நிறுத்துங்கள், பசளையை மறந்துவிடுங்கள்

வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லோருக்கும் வரும் புத்தி. வேலைக்காரர் இரக்கத்தில் காலை மாலை ஊற்றுவார், சொல்லி வைக்காவிட்டால். ஓலை போன செடி தண்ணீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம். ஊற்றியது அடியில் தங்கும், இரவுக் குளிரில் வேர் அழுகும். நுவரெலியாவில் மூடுபனியும் தூறலும் போதும். சாடியில் இருந்தால் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே நகர்த்துங்கள், சாடிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். அந்தத் தட்டில் நிற்கும் தண்ணீர் பனியைவிட ஆபத்து.

யூரியா போட்டால் உடனே துளிர்க்கும் என்பார்கள். ஜனவரியில் துளிர்ப்பதுதான் இப்போது வேண்டாதது. இளம் ஓலை இலேசான பனிக்கே கருகும், சேமித்த சக்தியும் வீணாகும்.

4. கொழும்புக்குத் திருப்பிக் கொண்டுவருவதா?

நிலத்தில் நட்டதென்றால் தோண்டவே வேண்டாம். அடிபட்ட செடிக்கு வேரையும் அறுத்தால் இரண்டாவது அடி. சாடியில் உள்ளதைக் கொண்டுவரலாம், தாழ்வாரமோ கண்ணாடி அறையோ இல்லாவிட்டால் மட்டும். மலைநாட்டு மூடுபனியில் இருந்த ஓலையைக் கொழும்பு மாடியில் நேர் வெயிலில் வைத்தால் அது வெயிலில் வெந்துபோகும். அதையும் பனிச் சேதம் என்று நினைத்துக் குழம்புவீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அரை நிழல், பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில்.

என் அபிப்பிராயம்: கொண்டுவராதீர்கள். வான் வண்டிக்குக் கொடுக்கும் காசில் பாதியை நுவரெலியாவிலேயே பாதுகாப்புக்குச் செலவழிக்கலாம்.

5. அழுகல் இருந்தால்

இது மட்டும் காத்திருக்காது. செடியை நிலத்திலிருந்தோ சாடியிலிருந்தோ எடுத்து மண்ணை உதறுங்கள். மென்மையான பகுதியைக் கூரான கத்தியால் சுரண்டி, வெள்ளையாக உறுதியான சதை தெரியும் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டுவாயில் செப்புக் கலந்த பூஞ்சைநாசினியைப் பூசி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரமாவது காய விடுங்கள். பிறகு ஆற்றுமணல் கூடுதலாகவும் தும்புத்தூள் குறைவாகவும் கலந்த சாடியில் ஊன்றி, வேர் வரும்வரை ஈரத்தை மிக மட்டாக வைத்திருங்கள். மாதக்கணக்கில் எதுவும் நடக்காதது போலிருக்கும். அதற்காகத் தோண்டிப் பார்க்க வேண்டாம்.

உச்சிக் குருத்தே அழுகிப்போயிருந்தாலும் தண்டின் அடி உறுதியாக இருந்தால் கைவிடாதீர்கள். அடியில் முட்டை வடிவில் குட்டிகள் வெடிக்கும். அவை முஷ்டி அளவுக்கு வந்ததும் பிரித்து, சில நாள் காயவைத்து, மணலில் ஊன்றலாம்.

அழுகலா இல்லையா என்று தீர்மானிக்க முடியாவிட்டால், விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்தை அழையுங்கள். நெல், மரக்கறிக்குத்தான் பெரும்பாலோர் அழைப்பார்கள். அலங்காரச் செடிக்குக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

6. மார்ச்சில் வெட்டுங்கள், பிறகு பசளை

பனிக்காலம் போனதும் முழுதாகக் காய்ந்த ஓலைகளை மட்டும் தண்டோடு ஒட்டி வெட்டுங்கள். பாதிக்கு மேல் பச்சை உள்ளதை விட்டுவையுங்கள், புது வட்டம் விரிந்த பிறகு அதற்கும் நேரம் வரும்.

வெட்டுமுன் ஓர் எச்சரிக்கை. இந்தச் செடி முழுவதும் நஞ்சு. விதை எல்லாவற்றிலும் மோசம், செம்மஞ்சள் நிறத்தில் பழம் போலக் கவர்ச்சியாகவும் இருக்கும். ஒன்றிரண்டு விதையைக் கடித்தாலே நாயின் ஈரல் பழுதாகும், பல நாய்கள் பிழைப்பதில்லை. வெட்டிய ஓலையையும் சீவிய துண்டுகளையும் முற்றத்தில் குவித்துவைக்க வேண்டாம். நாய் மென்றது தெரிந்தால், வாந்தி எடுக்கட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள். குழந்தை வாயில் வைத்தால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

பசளைக்கு மெதுவாகக் கரையும் குருணை வகை நல்லது. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிச் சுற்றிவரப் போடுங்கள். பழைய ஓலைகள் மஞ்சளாக இருந்தால் மக்னீசியக் குறைவு. அதற்கு எப்சம் உப்பு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. புதிதாக வரும் ஓலை மஞ்சளாகச் சுருண்டு, நுனி தீய்ந்தது போல வந்தால் அது வேறு கதை, மங்கனீசுக் குறைவு. எப்சம் உப்பு அதற்கு உதவாது, மங்கனீசு சல்பேற்று வேண்டும். பெயர் ஒத்திருப்பதால் கடைக்காரரே மாற்றித் தந்துவிடுவார், பொதியில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள்.

7. புது ஓலை வரும் வாரங்கள்

எப்போது வரும் என்று நாள் குறிக்க முடியாது. ஏப்ரலிலும் வரலாம், ஆகஸ்டிலும் வரலாம். பலமாக அடிபட்ட செடி ஒரு வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அடுத்த வருடம் துளிர்ப்பதும் உண்டு. தண்டு உறுதியாக இருக்கும்வரை பொறுமை.

வரும்போது மொத்தமாக வரும். பஞ்சு மூடிய குருத்துப் பிளந்து, சுருண்ட பிஞ்சு ஓலைகள் எல்லாம் ஒன்றாக எழும். தொட்டால் முறியும் அளவுக்கு மென்மை. அந்தக் கட்டத்தில் சாடியை நகர்த்தவோ திருப்பவோ கூடாது, ஓலை கோணலாகவே விறைத்துவிடும். ஒழுங்காகத் தண்ணீர் கொடுக்க வேண்டிய காலமும் இதுதான்.

கொழும்பில் வைத்திருப்பவர்கள் இங்கே கவனியுங்கள். ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி சைக்கஸின் பிஞ்சு ஓலையைத் தேடி வந்து முட்டையிடும். விரல்நகத்தை விடச் சிறிய பச்சைப் புழுக்கள் சுருளுக்குள்ளேயே இருந்து தின்னும். எறும்புகள் திடீரென்று குருத்தில் மொய்த்தால் அதுதான் அறிகுறி, புழு சுரக்கும் இனிப்புக்காக அவை காவல் நிற்கின்றன. இரண்டு நாள் பார்க்காமல் விட்டால் ஒரு வருட ஓலையும் வெறும் ஈர்க்காகிவிடும். காலையில் தண்ணீர்க் குழாயால் மெதுவாகக் கழுவி, கண்ணில் படுவதைக் கையால் எடுத்தாலே பாதிக்குமேல் காப்பாற்றலாம். செதில் பூச்சிக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரமும் கலந்து, ஓலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் விசிறுங்கள். அதை முதிர்ந்த ஓலையில் மட்டும்.

8. அடுத்த பனிக்கு முன்

செப்டெம்பருக்குப் பிறகு பசளை இல்லை. டிசெம்பரில் பிஞ்சு ஓலையோடு செடி நிற்கக் கூடாது என்பதற்காக.

இடம் முக்கியம். குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் வந்து தங்கும். புல்வெளி நடுவே நிற்கும் செடியில் பனி வெள்ளையாகப் படிந்திருக்க, பத்தடி தள்ளிச் சுவரோரம், கூரை நீட்டத்தின் கீழ் நிற்பது ஈரமே இல்லாமல் இருக்கும். புதிதாக நடுவதென்றால் மேட்டில், சுவரை ஒட்டி, மண்ணில் மணலும் சல்லிக்கல்லும் கலந்து, சுற்றுமட்டத்தை விட அரை அடி உயர்த்தி நடுங்கள். காலம் மார்ச் நடுப்பகுதி: பனி முடிந்திருக்கும், தென்மேற்குப் பருவமழைக்கு முன் வேர் பிடிக்க அவகாசமும் இருக்கும்.

வேர்ப்பகுதிக்கு மானாப் புல்லோ காய்ந்த இலையோ நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல்.

பனி இரவுக்கு மூடும் முறை இது. செடியைச் சுற்றி அதைவிட உயரமாக நாலு கம்பு. அதன்மேல் சணல் சாக்கு, தரையைத் தொடும்வரை. தரையைத் தொடாவிட்டால் மூடியும் பயனில்லை, மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்துவைப்பதுதான் சாக்கின் வேலை. சூரியன் மறையுமுன் மூடி, காலை வெயில் விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். பொலித்தீன் கூடவே கூடாது. அது ஓலையைத் தொட்ட இடமெல்லாம் உறைந்து கருகும், பகலில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துவிடும்.

எந்த இரவு மூடுவது? வளிமண்டலவியல் திணைக்களத்தின் தினசரி அறிக்கையில், நுவரெலியா மாவட்டத்தின் சில இடங்களில் அதிகாலையில் துகள் உறைபனி ஏற்படலாம் என்ற வரி வரும். வந்த அன்றே மாலை மூன்று மணிக்குள் மேலே அழைத்துவிடுங்கள். அறிக்கை வராவிட்டாலும், மாலையில் வானத்தில் ஒரு முகில் இல்லை, இலை அசையவில்லை என்று அங்குள்ளவர் சொன்னால் மூடச் சொல்லுங்கள். மலையகத்தில் பிறந்தவருக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். எப்போது மூடுவது என்ற முடிவை அவர் கையிலேயே விடுவதுதான் உத்தமம்.

9. செலவு எதில் ஏறுகிறது

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் தொகை சொல்லிப் பயனில்லை. சைக்கஸின் விலை ஓலையில் இல்லை, தண்டின் பருமனில். மெதுவாக வளரும் செடி என்பதால் தலையளவு தண்டுக்குப் பல வருடம் ஆகும், அதற்குத்தான் காசு. தண்டு சிறுத்து ஓலை மட்டும் அழகாக உள்ளதைப் பெரிய விலைக்கு வாங்காதீர்கள். கருகியதைப் பிடுங்கிப் போட்டுப் புதிது வாங்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது ஏற்றுக்கூலி. தனி வான் பிடித்தால் அதுவே செடியின் விலையைத் தாண்டக்கூடும். பேலியகொடைச் சந்தையில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் நுவரெலியா லொறிக்காரரிடம் பேசிப் பாருங்கள், மலிவாக ஏற்றிக்கொள்வார்கள். ஓலையைக் கூட்டிக் கட்டி, காற்று அடிக்காதபடி வலையால் சுற்றி, சாடி உருளாமல் இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக்கொடுங்கள். ஏப்ரலில் மட்டும் ஏற்றாதீர்கள். வசந்தகால நெரிசலில் கூலியும் கூடும், லொறி ஹட்டன் பாதையில் மணிக்கணக்கில் நிற்கும்.

சாக்கு, கம்பு, கயிறு எல்லாம் சில்லறைச் செலவு. சாக்கைப் புறக்கோட்டையில் பழையதாக வாங்கலாம். உண்மையான செலவு, விடியற்காலைக் குளிரில் எழும்பிச் செடியை மூடித் திறக்கும் மனிதருக்குக் கொடுப்பது. அதைச் சம்பளத்தோடு சேர்த்து மழுப்பாமல், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை தனியாகக் கொடுங்கள்.

10. பற்றுச்சீட்டும் அனுமதிப் பத்திரமும்

நர்சரிப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, ஏற்றும் வண்டியிலேயே வைத்திருங்கள். இலங்கைக் காடுகளிலும் சைக்கஸ் இனம் உண்டு. காட்டில் தோண்டியதை மலிவாகத் தருகிறேன் என்று வருபவரிடம் வாங்கவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒருபுறம், வேரறுந்த அந்தச் செடி பிழைப்பதும் அரிது.

வெளிநாட்டு உறவுகள் விடுமுறைக்கு வரும்போதுதான் பெரிய சிக்கல். "ஒரு குட்டி தாங்கோ மாமி, சூட்கேசில வைச்சுக் கொண்டுபோறன்" என்பார்கள். சைக்கஸ் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளது, பெரும்பாலான இனங்கள் இரண்டாம் பின்னிணைப்பில். வீட்டுத் தோட்டத்துக் குட்டி என்றாலும் நாட்டைவிட்டுப் போக சைட்டீஸ் அனுமதி வேண்டும். அதற்குப் பொறுப்பு, பத்தரமுல்லையில் உள்ள வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அதோடு தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், அது கட்டுநாயக்கவில் உள்ள தேசிய தாவரத் தொற்றுநோய்த் தடுப்பு சேவையில். போய்ச்சேரும் நாட்டின் இறக்குமதி விதி தனி. எல்லாவற்றுக்கும் முன் மண்ணை முழுதாகக் கழுவ வேண்டும். பயணத்துக்கு முந்திய வாரம் தொடங்கினால் நடக்காது, விமானச்சீட்டுப் பதியும்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருவதற்கும் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. விமான நிலையத்தில் வந்திறங்கிய பிறகு கேட்டால் செடி அங்கேயே நின்றுவிடும்.

ரொறன்ரோவுக்குக் குட்டி கேட்பவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: அங்கே குளிர்காலத்தில் வெளியே வைக்க எந்தச் சாக்கும் போதாது, வீட்டுக்குள் யன்னலோரம்தான். அதற்கு அங்குள்ள கடையிலேயே ஒன்று வாங்கிவிடலாம்.